ஒரு கையெழுத்துக்கு என்ன விலை? பனாமா வக்கீல்களின் சம்பளக் கதை

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து திருத்தி எழுதப்பட்டது)



வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம். கிளையன்ட்டுக்குப் போக வேண்டிய ஒரு மெயில்ல தவறுதலா என்னையும் சேர்த்துட்டாங்க. திறந்து பார்த்தா அந்த மாசத்துக்கான பில். என் பேருக்கு நேரா ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு டாலர்னு போட்டிருந்துச்சு. சும்மா இருக்காம கால்குலேட்டரை எடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். என்னோட ஒரு மாசச் சம்பளம் அந்தப் பில்லுல மூணு நாளைக்குள்ள முடிஞ்சுபோச்சு. அன்னிக்கு மதியம் சாப்பாடு இறங்கல.

அந்த இடைவெளிக்கும் நான் எவ்வளவு நல்லா கோட் எழுதறேங்கறதுக்கும் பெருசா சம்பந்தம் இல்லைன்னு புரிய இன்னும் கொஞ்ச நாள் ஆச்சு. கிளையன்ட்டோட பணம் ஒரு வாசல் வழியா உள்ளே வருது. அந்த வாசல்ல யார் நிக்கறாங்களோ அவங்கதான் யாருக்கு எவ்வளவுன்னு முடிவு பண்றாங்க.

இந்தக் கேள்வியை நான் மறுபடியும் சந்திச்சது ரொம்ப தூரத்துல இருக்கற ஒரு நாட்டோட வரலாற்றைப் படிக்கும்போது. நாடு பனாமா. தொழில் வக்கீல் தொழில். ஒரே படிப்பு, ஒரே சட்டப் புத்தகம். ஆனா ஒருத்தர் வானுயர்ந்த கட்டடத்துல முப்பதாவது மாடியில உட்கார்ந்திருப்பார், இன்னொருத்தர் நீதிமன்ற வராண்டாவுல ஏழைக் கைதியோட ஃபைலைத் தூக்கிட்டு ஓடிட்டிருப்பார். இந்த வித்தியாசம் எங்கே ஆரம்பிச்சது? இன்னிக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

ஒரே கரன்சி, நூறு வருஷம்

முதல்ல பனாமாவோட ஒரு வசதியைச் சொல்லிடறேன். பொதுவா பழைய காலத்துச் சம்பளத்தை இன்னிக்குச் சம்பளத்தோட ஒப்பிடறது தலைவலி. பணத்தோட பேர் மாறியிருக்கும், மூணு சைபர் வெட்டியிருப்பாங்க. பனாமாவுல 1904-லேர்ந்து புழக்கத்துல இருக்கறது அமெரிக்க டாலர்தான். பால்போவான்னு சொந்தப் பணம் ஒண்ணு இருக்கு, ஆனா அதுவும் ஒரு டாலருக்குச் சமம், அதுவும் இன்னிக்குப் பெரும்பாலும் நாணயமா மட்டும்தான் கையில வரும். அதனால நான் சொல்லப்போற எண்கள் எல்லாமே டாலர். விலைவாசி ஏறினதை மட்டும் நீங்க மனசுல வெச்சுக்கங்க.

இன்னொரு விஷயம். பனாமா ஒரு ஒல்லியான நாடு. ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் பசிபிக். ஸ்பெயின்காரங்க பெருவுலேர்ந்து வெள்ளியைக் கொண்டுபோன காலத்துலேர்ந்தே அந்த நாட்டு வழியாப் பொருளும் பணமும் கடந்துபோயிட்டே இருக்கு. கடந்துபோற பணத்துல ஒரு சின்னத் துளியாவது இங்கே தங்கணும்னா நடுவுல ஒருத்தர் நிக்கணும். அந்த ‘ஒருத்தர்’ இருபதாம் நூற்றாண்டுல வக்கீலா மாறினார்.

எட்டு லட்சம் டாலர் பில்

பனாமாவோட முதல் பெரிய வக்கீல் ஃபீஸ் கதையில வர்ற ஆள் பனாமாக்காரரே இல்ல. பேர் வில்லியம் நெல்சன் க்ராம்வெல். நியூயார்க் வக்கீல். சல்லிவன் அண்ட் க்ராம்வெல்னு 1879-ல ஆரம்பிச்ச நிறுவனத்தோட பங்குதாரர். அந்த நிறுவனம் இன்னிக்கும் இருக்கு.

பின்னணி இதுதான். சூயஸ் கால்வாயை வெட்டின ஃபெர்டினாண்ட் டி லெஸப்ஸ் பனாமாவுலயும் ஒரு கால்வாய் வெட்ட கம்பெனி ஆரம்பிச்சார். மலேரியா, மஞ்சள் காய்ச்சல், நிலச்சரிவு, ஊழல் எல்லாம் சேர்ந்து 1889-ல கம்பெனி திவாலாச்சு. மிச்சம் மீதியை வெச்சு 1894-ல புதுக் கம்பெனி ஒண்ணு உருவாச்சு. அவங்களோட ஒரே நம்பிக்கை, பாதி தோண்டின பள்ளத்தையும் துருப்பிடிச்ச எந்திரங்களையும் அமெரிக்க அரசாங்கத்தோட தலையில கட்டிடறது. ஆனா அமெரிக்கா நிகராகுவா வழியா கால்வாய் வெட்டத்தான் நினைச்சிட்டிருந்துச்சு. 1902 ஜனவரியில கீழ்சபை நிகராகுவாவுக்கு ஆதரவா 308-க்கு 2-ன்னு ஓட்டுப் போட்டது. அவ்வளவு தூரம் போன விஷயம்.

அதைத் திருப்பறதுதான் க்ராம்வெல்லோட வேலை. 1896-ல அவரை பிரெஞ்சுக் கம்பெனி அமர்த்திச்சு. செனட்டர்களைப் பார்த்தார், பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்தார், அறிக்கைகளைத் தயார் பண்ணினார். அதே நேரத்துல பிலிப் பியூனோ-வரீயாங்கற பிரெஞ்சு இன்ஜினியர், எரிமலை புகையற படம் போட்ட நிகராகுவா தபால்தலையை வாங்கி ஒவ்வொரு செனட்டருக்கும் அனுப்பி வெச்சார். ‘இந்த ஊர்லயா கால்வாய் வெட்டப்போறீங்க?’ங்கறதுதான் செய்தி. 1902 ஜூன்ல காங்கிரஸ் பனாமா பக்கம் திரும்பிச்சு. பிரெஞ்சுக் கம்பெனிக்குக் கிடைச்சது 4 கோடி டாலர்.

1903 நவம்பர் 3-ல பனாமா கொலம்பியாவுலேர்ந்து பிரிஞ்சு தனி நாடாச்சு. ரெண்டு வாரம் கழிச்சு கால்வாய் ஒப்பந்தத்துல பனாமா சார்பா கையெழுத்துப் போட்டது அந்தத் தபால்தலை பியூனோ-வரீயா! புது நாட்டுக்குக் கிடைச்சது 1 கோடி டாலரும், அப்புறம் வருஷத்துக்கு இரண்டரை லட்சமும். அந்த ஒரு கோடியில 60 லட்சத்தை நியூயார்க்ல முதலீடு பண்ணிக் கொடுத்த சட்ட ஆலோசகர் யாருன்னு நினைக்கறீங்க? நம்ம க்ராம்வெல்தான். வித்தவனுக்கும் அவர் வக்கீல், புதுசாப் பிறந்த நாட்டுக்கும் அவர் வக்கீல்.

இப்ப பில்லுக்கு வருவோம். பிரெஞ்சுக் கம்பெனிகிட்ட க்ராம்வெல் கேட்ட ஃபீஸ் 8 லட்சம் டாலர். கம்பெனி அதிர்ந்துபோய் முடியாதுன்னுது. விஷயம் பிரான்ஸ்ல நடுவர்கள்கிட்ட போச்சு. கேட்டதுல பெரும்பகுதியை அவங்க வெட்டிட்டாங்க. ஆனா தன் ஃபீஸை நியாயப்படுத்த க்ராம்வெல் ஒரு நீண்ட மனு எழுதியிருந்தார்: யார் யாரைப் பார்த்தேன், எந்த மசோதாவை எப்படித் தடுத்தேன், எந்த அறிக்கைக்குப் பின்னால நான் இருந்தேன்னு ஒண்ணு விடாம. அந்த மனு கடைசியில அமெரிக்க காங்கிரஸ் விசாரணைக்கு வந்து 1912-13-ல அச்சாகி ஊருக்கே தெரிஞ்சது. சம்பள உயர்வு கேட்டு எழுதின ‘நான் என்னவெல்லாம் செஞ்சேன்’ பட்டியல் வரலாற்று ஆவணமா மாறின கதை இது.

மணிக்குப் பத்து சென்ட்

அதே வருஷங்கள்ல, அதே கால்வாய்க்காக, வேற சிலருக்குக் கிடைச்ச சம்பளத்தையும் பார்க்கணும்.

1904-லேர்ந்து 1914 வரைக்கும் அமெரிக்கா கால்வாயை வெட்டிச்சு. கையால மண் வெட்டினவங்க, டைனமைட் சுமந்தவங்க பெரும்பாலும் கரீபியன் தீவுகள்லேர்ந்து வந்த கறுப்பின மக்கள். பார்படோஸ்ங்கற ஒரு குட்டித் தீவுலேர்ந்து மட்டும் சுமார் 20,000 பேரை ஒப்பந்தத்துல கொண்டுவந்தாங்க. சம்பளம் மணிக்குப் பத்து சென்ட். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். ஒப்பந்தக் காலம் 500 வேலை நாள்.

கணக்குப் போடுங்க. ஒரு நாளைக்கு ஒரு டாலர். 500 நாள் முழுசா உழைச்சா 500 டாலர். க்ராம்வெல் கேட்ட 8 லட்சத்தை 500-ஆல வகுத்தா 1,600. அதாவது 1,600 பேர் ஒரு முழு ஒப்பந்தக் காலம் மண் சுமந்தா வர்ற கூலியை ஒரு வக்கீல் ஒரே பில்லுல எழுதியிருக்கார். அவர் கேட்டது எட்டு வருஷ வேலைக்கு, அவர்கிட்ட ஆட்கள் இருந்தாங்க, செலவு இருந்துச்சு. அதையெல்லாம் கழிச்சுப் பார்த்தாலும் இடைவெளி கண்ணை உறுத்தற அளவுக்கு இருக்கு.

கால்வாய்ப் பகுதியில சம்பளப் பட்டியலே ரெண்டா இருந்துச்சு. ‘தங்கப் பட்டியல்’, ‘வெள்ளிப் பட்டியல்’. தங்கப் பட்டியல்ல இருந்தவங்க பெரும்பாலும் வெள்ளை அமெரிக்கர்கள். அவங்களுக்கு அமெரிக்கத் தங்க டாலர்ல சம்பளம், இலவச வீடு, சம்பளத்தோட லீவு. வெள்ளிப் பட்டியல்காரங்களுக்கு உள்ளூர் வெள்ளி நாணயம். கூலியைப் பிரிக்க வந்த இந்த ரெண்டு வார்த்தை கொஞ்ச நாள்லயே ஊரைப் பிரிக்க ஆரம்பிச்சது. தபால் நிலையத்துல தங்கம்-வெள்ளின்னு தனித்தனி ஜன்னல். குடிதண்ணீர்க் குழாய் தனி. பள்ளிக்கூடம் தனி. அமெரிக்கக் கட்டுமானக் காலத்துல இறந்துபோனவங்கன்னு பதிவானவங்க 5,609 பேர். அதுல பெரும்பாலானவங்க கரீபியன் தொழிலாளிகள்.

இந்த ஏற்பாடு கால்வாய் திறந்ததோட முடிஞ்சிடல. 1948-ல பேரை மட்டும் மாத்தினாங்க: ‘அமெரிக்க ரேட்’, ‘உள்ளூர் ரேட்’. 1955 உடன்படிக்கையிலதான் ஒரே அடிப்படைச் சம்பளம்ங்கற வாக்குறுதி வந்துச்சு. ‘ஆன்சைட் ரேட்’, ‘ஆஃப்ஷோர் ரேட்’னு தினமும் பேசற எனக்கு அந்த 1948 பேர்கள் ரொம்ப அந்நியமாத் தெரியல.

பட்டம் இருந்தும் தொழில் இல்லை

இதுவரைக்கும் சொன்னது வெளியிலேர்ந்து வந்தவங்க கதை. பனாமாவுக்குள்ளேயே யாரெல்லாம் வக்கீலா சம்பாதிக்க முடிஞ்சது?

1922-ல கிளாரா கொன்சாலஸ்ங்கற பெண் பனாமாவோட தேசியச் சட்டப் பள்ளியில பட்டம் வாங்கினார். நாட்டோட முதல் பெண் சட்டப் பட்டதாரி. அவரோட ஆய்வுத் தலைப்பே பனாமா சட்டத்துல பெண்ணோட நிலை என்னங்கறதுதான். அந்தச் சட்டத்துல இருந்த ஒரு விதி அவரையே மறிச்சது. பெண்கள் வக்கீலாத் தொழில் பண்ணக் கூடாது. பரீட்சை எழுதலாம், பாஸ் ஆகலாம், பட்டத்தை ஃப்ரேம் போட்டு மாட்டிக்கலாம். ஃபீஸ் வாங்க முடியாது.

அவர் சும்மா இருக்கல. 1923-ல தேசியப் பெண்ணியக் கட்சியைத் தொடங்கினவங்கள்ல அவரும் ஒருத்தர். 1924-ல சட்டம் மாறிச்சு. பெண்கள் வக்கீல் தொழில் பண்ணலாம்னு ஆச்சு. அப்புறம்தான் அவர் தொழிலுக்கே வர முடிஞ்சது. 1951-ல சிறார் நீதிமன்றம் வந்தப்ப அதோட முதல் நீதிபதி அவர்தான்.

சம்பள வித்தியாசம்னு பேசும்போது நாம பொதுவா ‘அவருக்கு இவ்வளவு, இவருக்கு இவ்வளவு’ன்னு ரெண்டு எண்ணை வெச்சுப் பேசறோம். கிளாரா விஷயத்துல ரெண்டாவது எண்ணே கிடையாது. 1922-லேர்ந்து 1924 வரைக்கும் அவரோட ரேட் பூஜ்யம். எந்தப் புள்ளிவிவர அட்டவணையிலயும் இந்தப் பூஜ்யத்தை நீங்க பார்க்க முடியாது, ஏன்னா தொழிலுக்குள்ள வந்தவங்களைத்தான் அட்டவணை எண்ணும்.

இதே மாதிரி இன்னொரு கதவும் இருந்துச்சு. கால்வாய் வெட்ட வந்த கரீபியன் குடும்பங்களோட பிள்ளைகள் பனாமாவுலயே பிறந்தவங்க. 1941 அரசமைப்புச் சட்டம், ஸ்பானிஷ் தாய்மொழியா இல்லாத கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் குடியுரிமை இல்லைன்னு சொல்லிச்சு. குடியுரிமை இல்லைன்னா எத்தனையோ தொழில் கைக்கு எட்டாது. 1946-ல புது அரசமைப்பு வந்துதான் அது சரியாச்சு.

சாராயக் கப்பலும் 1927 சட்டமும்

இப்ப கதையோட திருப்பத்துக்கு வர்றோம். பனாமா வக்கீல் தொழிலை இன்னிக்கு நாம பார்க்கற மாதிரி ஆக்கினது ரெண்டு சட்டம்.

முதல் சட்டம் கப்பல். 1922-ல அமெரிக்காவுல மதுவிலக்கு. அமெரிக்கக் கொடி பறக்கற கப்பல்ல நடுக்கடல்லகூட மது விக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. பயணிகள் கப்பல் முதலாளிக்கு இது பெரிய அடி. உடனே ரிலையன்ஸ், ரெசல்யூட்ங்கற ரெண்டு சொகுசுக் கப்பல்களைப் பனாமா பதிவுக்கு மாத்தினாங்க. கப்பல் அதேதான், கடலும் அதேதான், கொடியை மாத்தினதும் பாரைத் திறந்துட்டாங்க. 1925-ல வந்த சட்டம் எந்த நாட்டுக்காரரும் தன் கப்பலைப் பனாமாவுல பதியலாம்னு கதவை அகலமாத் திறந்துச்சு. 1930-கள்ல ஸ்டாண்டர்ட் ஆயில் தன் எண்ணெய்க் கப்பல்களை இங்கே மாத்திச்சு. இன்னிக்கும் உலகத்தோட மிகப் பெரிய கப்பல் பதிவேடுகள்ல பனாமா ஒண்ணு.

ரெண்டாவது சட்டம் கம்பெனி. 1927-ல வந்த 32-ஆம் சட்டம். அமெரிக்காவோட டெலவேர் மாநிலச் சட்டத்தை முன்மாதிரியா வெச்சு எழுதினது. எந்த நாட்டுக்காரரும் ரெண்டு பேர் சேர்ந்தா பனாமா கம்பெனி ஆரம்பிக்கலாம். டைரக்டர்கள் மூணு பேர் வேணும், அவங்க பனாமாவுல இருக்கணும்னு அவசியம் இல்ல. பங்குப் பத்திரத்துல பேரே போடாம வெச்சுக்கலாம், பத்திரம் யார் கையில இருக்கோ அவங்கதான் முதலாளி. வெளிநாட்டுல சம்பாதிச்ச பணத்துக்குப் பனாமாவுல வரி கிடையாது.

ஒரே ஒரு நிபந்தனை: பனாமாவுல ஒரு உள்ளூர் முகவர் இருக்கணும். அந்த முகவர் வக்கீலாகவோ வக்கீல் நிறுவனமாகவோதான் இருக்கணும்னு பின்னால வந்த விதிகள் கட்டாயமாக்கிச்சு. வக்கீலா இருக்கணும்னா பனாமா குடிமகனா இருக்கணும்.

இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் கவனிக்கணும். உலகத்துல எந்த மூலையில இருக்கற பணக்காரரும் பனாமா கம்பெனி வேணும்னா ஒரு பனாமா வக்கீலோட கையெழுத்து இல்லாம முடியாது. இது ஒரு சின்ன நாட்டோட புத்திசாலித்தனம்னும் சொல்லலாம். க்ராம்வெல் மாதிரி வெளியாட்கள் வந்து அள்ளிட்டுப் போன நாட்டுல, இந்தத் தடவை வாசல்ல உள்ளூர்க்காரன் நிப்பான்னு சட்டம் போட்டாங்க. ஆனா வாசல் குறுகலானது. அதுல எத்தனை பேர் நிக்க முடியும்?

இங்கே இன்னொரு பேரையும் சொல்லணும். அர்மோதியோ அரியாஸ். உள்நாட்டுக் கிராமப் பகுதியில பிறந்து, உதவித்தொகையில இங்கிலாந்து போய் சட்டம் படிச்சவர். திரும்பி வந்து நாட்டோட முன்னணி வக்கீல் ஆனார், 1932-லேர்ந்து 1936 வரைக்கும் ஜனாதிபதியா இருந்தார். 1935-ல பனாமா பல்கலைக்கழகம் தொடங்கினது அவர் ஆட்சியிலதான். அதுக்கப்புறம் வெளிநாடு போக வசதியில்லாத பிள்ளைகள் சட்டம் படிக்கற வாய்ப்பு இன்னும் கூடிச்சு. பட்டதாரிகள் பெருகினாங்க. ஆனா முப்பதாவது மாடி ஆபீஸ்கள் அதே வேகத்துல பெருகல. பட்டம் எல்லாருக்கும் ஒண்ணு, ஏணி மட்டும் ரெண்டு.

சந்தா மாடல்

1970-ல புது வங்கிச் சட்டம் வந்தது. 1980-கள் தொடக்கத்துல பனாமா நகரத்துல வங்கிகளோட எண்ணிக்கை நூறைத் தாண்டிச்சு. இந்தச் சூழல்லதான் 1977-ல யூர்கன் மொசாக் ஒரு சட்ட நிறுவனம் ஆரம்பிச்சார். 1986-ல ரமோன் ஃபொன்செகா சேர்ந்தார். மொசாக் ஃபொன்செகா. இந்தப் பேரை நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க.

இவங்க தொழில் எப்படி ஓடுதுன்னு நம்ம பாஷையில சொல்றேன். இது சந்தா மாடல். ஒரு கம்பெனியைப் பதிஞ்சு கொடுக்க ஒரு தடவை ஃபீஸ். அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் அந்தக் கம்பெனி உயிரோட இருக்க அரசாங்கத்துக்கு 300 டாலர் கட்டணும், முகவரா இருக்கறதுக்கு வக்கீலுக்குத் தனியா ஃபீஸ். ஒரு கம்பெனிக்கு வருஷத்துக்கு நூறு டாலர் லாபம்னு சும்மா ஒரு கணக்குக்கு வெச்சுக்கங்க. பத்து கம்பெனி வெச்சிருக்கற தனி வக்கீலுக்கு ஆயிரம் டாலர். ஐம்பதாயிரம் கம்பெனி வெச்சிருக்கற நிறுவனத்துக்கு ஐம்பது லட்சம். செய்யற வேலை கிட்டத்தட்ட ஒண்ணுதான்: ஒரு டெம்ப்ளேட், ஒரு கையெழுத்து, ஒரு ஃபைல். இங்கே சட்ட அறிவு அளவுக்கு எண்ணிக்கையும் சம்பளத்தை முடிவு பண்ணுது.

நீதிமன்றத்துல நின்னு வாதாடற வக்கீலுக்கு இந்த வசதி கிடையாது. அவர் ஒரு நாளைக்கு ஒரு கேஸ்தான் வாதாட முடியும். அவரோட நேரத்தைக் காப்பி-பேஸ்ட் பண்ண முடியாது.

இந்த மாடலுக்குள்ள இன்னொரு அடுக்கும் இருக்கு. கம்பெனிக்கு மூணு டைரக்டர் வேணும்னு சொன்னேன்ல? உண்மையான முதலாளிகள் பேர் வெளியே தெரியக் கூடாதுன்னா, ஆபீஸ்ல வேலை செய்யற சாதாரண ஊழியர்களையே டைரக்டராப் போட்டுடுவாங்க. இப்படி ஒரு ஊழியர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்கு டைரக்டரா இருந்தது பின்னால வெளியே வந்துச்சு. காகிதத்துல பத்தாயிரம் கம்பெனிக்கு டைரக்டர். சாயங்காலமானா பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போற மாதிரி வாழ்க்கை. ஒரே கட்டடத்துல, ஒரே ஃபைல்ல, ரெண்டு கையெழுத்து. பக்கத்துப் பக்கத்துல இருக்கற அந்த ரெண்டு கையெழுத்துக்கும் நடுவுல எவ்வளவு பெரிய சம்பள இடைவெளின்னு யோசிச்சுப் பாருங்க.

2016-க்கு அப்புறம்

2016 ஏப்ரல் 3. ஜெர்மனியோட சூட்டாய்ச்சே சைட்டுங் பத்திரிகைக்குப் பேர் சொல்லாத ஒருத்தர் கொடுத்த 1 கோடியே 15 லட்சம் ஆவணங்கள், 2.6 டெராபைட், உலகம் முழுக்க ஒரே நேரத்துல செய்தியாச்சு. 2,14,000-க்கும் மேற்பட்ட கம்பெனிகளோட விவரம். ஐஸ்லாந்து பிரதமர் சில நாள்லயே பதவி விலகினார். அடுத்த வருஷம் பாகிஸ்தான் பிரதமர் நவாஸ் ஷெரீஃபை உச்ச நீதிமன்றம் தகுதி நீக்கம் பண்ணிச்சு.

பனாமாக்காரங்களுக்கு அந்தப் பேர் மேலயே கோபம். அந்த ஆவணங்கள்ல இருந்த கம்பெனிகள்ல பாதிக்கும் மேல பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள்ல பதிஞ்சது. பணத்தோட சொந்தக்காரங்க உலகம் முழுக்க இருந்தாங்க. நடுவுல இருந்தவங்க பெரிய பெரிய நாடுகளோட வங்கிகள். ‘எல்லாரும் சேர்ந்து செஞ்ச காரியத்துக்கு எங்க நாட்டுப் பேரை மட்டும் ஏன் வெச்சீங்க?’ன்னு அவங்க கேட்டதுல நியாயம் இருக்கு.

2018 மார்ச்ல நிறுவனத்தை மூடறதா அறிவிச்சாங்க. உலகம் முழுக்க கிளைகளும் நூற்றுக்கணக்கான ஊழியர்களும் இருந்த இடம். ஃபொன்செகா 2024 மே மாசம் இறந்துட்டார். அடுத்த மாசம் பனாமா நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டிருந்த 28 பேரையும் விடுதலை பண்ணிச்சு.  ஆனா டைரக்டராக் கையெழுத்துப் போட்ட அந்தச் சாதாரண ஊழியர்கள் பேர் இன்னிக்கும் இணையத்துல தேடினா வரும். லாபத்துல பங்கு இல்லாதவங்களுக்குப் பழியில மட்டும் பங்கு கிடைச்சது.

விதிகள் 2016-க்கு முன்னாடியே இறுக ஆரம்பிச்சுடுச்சு. பேர் போடாத பங்குப் பத்திரங்களை ஒரு பொறுப்பாளர்கிட்ட ஒப்படைக்கணும்னு சட்டம் வந்துச்சு. முகவரா இருக்கற வக்கீல், தன் வாடிக்கையாளர் யாருன்னு தெரிஞ்சு வெச்சிருக்கணும்னும் ஆச்சு. பணமோசடித் தடுப்புக்கான சர்வதேச அமைப்போட சாம்பல் பட்டியல்ல பனாமா ரெண்டு தடவை போய் 2023 அக்டோபர்ல வெளியே வந்துச்சு. இந்த விதிகளைப் பின்பற்ற ஆள் வேணும், மென்பொருள் வேணும், ஆடிட் வேணும். பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு செலவு. பத்து கம்பெனி வெச்சுப் பிழைப்பு நடத்தற தனி வக்கீலுக்கு இது ஆளையே சாய்க்கற பாரம். ஏணிகளுக்கு நடுவுல இருக்கற இடைவெளி இதனாலயும் கூடும்.

யாரோட சம்பளம் தெரியுது?

கடைசியா, என்னை ரொம்ப யோசிக்க வெச்ச ஒரு விஷயம்.

பனாமாவுல 2002-ல ஒரு வெளிப்படைத்தன்மைச் சட்டம் வந்துச்சு. அரசு ஊழியர்கள் சம்பளம் பொதுத் தகவல். நாட்டோட தணிக்கை அலுவலகம் இணையத்துல ஒரு தேடல் பக்கமே வெச்சிருக்கு. அரசாங்கத்துல வேலை செய்யற வக்கீலோட சம்பளத்தை யார் வேணும்னாலும் டாலர் கணக்குல பார்த்துக்கலாம். அது நல்ல சட்டம்தான், சந்தேகமே இல்ல. ஆனா உயரமான கட்டடத்துல இருக்கற பங்குதாரருக்கு அந்தப் பக்கத்துல இடமே கிடையாது. நாட்டுல ‘வக்கீல்கள் எவ்வளவு சம்பாதிக்கறாங்க’ன்னு தேடினா வர்ற சராசரி எண்கள் எல்லாம் சம்பளம் வாங்கறவங்களோட எண்கள். லாபத்துல பங்கு வாங்கறவங்க அந்தச் சராசரிக்குள்ள வர்றதே இல்ல.

இது வெறும் பொறாமைக் கணக்கா இருந்தா நான் ஒரு எபிசோட் செலவழிச்சிருக்க மாட்டேன். லத்தீன் அமெரிக்காவுலயே ஏற்றத்தாழ்வு அதிகமா இருக்கற நாடுகள்ல பனாமா ஒண்ணு. அங்கே ஒரு ஏழைப் பையனை போலீஸ் பிடிச்சுட்டுப் போனா அவனுக்காகப் பேச வேண்டியது அரசுப் பொது வழக்கறிஞர். சட்டக் கல்லூரியிலேர்ந்து வர்ற ஒரு கெட்டிக்காரப் பொண்ணுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, அந்தப் பையனோட ஃபைல். இன்னொண்ணு, யாருன்னே தெரியாத ஒருத்தரோட கம்பெனி ஃபைல். சம்பளம் ரெண்டாவது பக்கம் இழுக்குது. அவ ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தா நான் குறை சொல்ல மாட்டேன், அவளுக்கும் வீட்டு வாடகை இருக்கு. ஆனா ஒரு நாடு தன் வக்கீல்களை எங்கே அனுப்புதுங்கறதை அந்தச் சம்பளம்தான் சத்தமில்லாம முடிவு பண்ணுது. அந்த முடிவுக்கு விலை கொடுக்கறது லாக்கப்ல உட்கார்ந்திருக்கற அந்தப் பையன்.

க்ராம்வெல், கிளாரா, பத்தாயிரம் கம்பெனி டைரக்டர் மூணு பேரையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒருத்தர் வாசல்லயே நின்னார். ஒருத்தரை வாசலுக்குள்ளயே விடல, அவர் தள்ளித் திறந்தார். ஒருத்தரோட பேரை மட்டும் வாசல்ல பலகையா மாட்டி வெச்சாங்க. திறமைக்குச் சம்பளம்னு நமக்குச் சொல்லித் தர்றாங்க. திறமை முக்கியம்தான். ஆனா உங்க சம்பளச் சீட்டைப் பார்க்கும்போது கூடவே இதையும் கேட்டுப் பாருங்க: பணம் எந்த வாசல் வழியா வருது, அந்த வாசலுக்கான விதியை எழுதினது யாரு, எந்த வருஷம்? பனாமாவுல அதுக்குப் பதில் இருக்கு. 1927.

என் முதல் கம்பெனி பில்லுக்கு எனக்கு இன்னும் பதில் தெரியல. உங்களுக்கு இந்த மாதிரி அனுபவம் இருந்தா எழுதுங்க, கம்பெனி பேர் வேண்டாம், கணக்கு மட்டும் போதும். அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.